தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எண்ணிமத் தொழில்நுட்பம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எண்ணிமத் தொழில்நுட்பம் என்பது, கணினி, இணையம், படவீழ்த்தி, திறன்பலகை, கைக்கணினி, கைப்பேசிச் செயலி முதலியவற்றை வகுப்பறைக் கற்பித்தலோடு இணைத்துப் பயன்படுத்துவதையும், அதற்கென அரசு மேற்கொண்ட திட்டங்களையும் குறிக்கும். கணினியைப் பற்றிக் கற்பித்தல் வேறு, கணினியைக் கொண்டு கற்பித்தல் வேறு. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

தமிழ்நாட்டில் இம்முயற்சி மூன்று கட்டங்களாக வளர்ந்தது எனலாம். முதற்கட்டத்தில் கணினி ஒரு தனிப்பாடமாக இருந்தது. இரண்டாம் கட்டத்தில் கருவி நேரடியாக மாணவர் கைக்கு வழங்கப்பட்டது. மூன்றாம் கட்டத்தில் பாடநூலும் ஆசிரியரும் மையமாகி, கருவி அவற்றுக்குத் துணையானது. கருவியை வழங்குவது மட்டும் கற்றலை உயர்த்துவதில்லை என்பதும், பாடம், மொழி, ஆசிரியர் ஆகிய மூன்றோடும் அது பொருந்தும்போதே பயன் தருகிறது என்பதும் இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முதன்மையான செய்தியாகும்.

வகுப்பறைப் பயன்பாட்டுக்கான எடுத்துக்காட்டுகள் இக்கட்டுரையில் தூத்துக்குடித் துறைமுகத்தையும் அதனைச் சூழ்ந்த முத்துக்குளித்துறைக் கடற்கரையையும் ஒட்டித் தரப்பட்டுள்ளன.

சொற்கள்

'டிஜிட்டல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் எண்ணிமம், இலக்கமுறை, எண்முறை ஆகிய சொற்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் மின்னணு சார்ந்தவற்றை இலத்திரனியல் என்பர். மின்கற்றல், இணையவழிக் கற்றல், கணினிவழிக் கற்றல் ஆகிய சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்தப்பட்டாலும் அவற்றின் பொருள் முற்றிலும் ஒன்றல்ல. இணையத் தொடர்பு இல்லாத கணினியில் பாடக் காணொளியைப் பார்ப்பது கணினிவழிக் கற்றல் ஆகும். அது இணையவழிக் கற்றல் ஆகாது. இணைப்பு நிலையாகக் கிடைக்காத ஊர்களுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

முன்வரலாறு: முத்துக்குளித்துறையும் அச்சும்

கல்விக்குப் புதிய கருவி ஒன்றைக் கையாள்வது தூத்துக்குடிக் கடற்கரைக்குப் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டில் இக்கடற்கரையில் பணிபுரிந்த போர்த்துக்கேய இயேசு சபைத் துறவியான என்றிக்கே என்றீக்கசு அடிகளார், தமிழைக் கற்று, தமிழில் நூல்களை எழுதினார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்டது. 16 பக்கங்களைக் கொண்ட இந்நூல், இந்திய மொழியொன்றில் அம்மொழியின் எழுத்துகளைக் கொண்டு இந்தியாவில் அச்சிடப்பட்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. 1579-இல் கொச்சியில் மற்றொரு நூலும், 1586-இல் 'அடியார் வரலாறு' என்னும் பெரிய நூலும் வெளிவந்தன. இவ்வச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறையைச் சேர்ந்த பரதவ மக்கள் பொருளுதவி செய்தனர்.

அன்றைய அச்சு முயற்சியில் மூன்று கூறுகள் ஒருங்கே அமைந்திருந்தன. கருவி கற்போரின் மொழியில் பேசியது. அந்நூலை வைத்துக் கற்பிக்க ஆள் இருந்தார். கற்கும் மக்களே அதன் செலவில் பங்கேற்றனர். பிற்காலத்துக் கணினித் திட்டங்களை மதிப்பிடவும் இக்கூறுகள் பயன்படுகின்றன.

வரலாறு

கணினி ஒரு பாடமாக

இந்தியப் பள்ளிகளில் கணினியை அறிமுகப்படுத்தும் முதல் பெரிய முயற்சி 1984-85-இல் நடுவண் அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டமாகும். தெரிவு செய்யப்பட்ட பள்ளிகளுக்கு இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல் விருப்பப் பாடமாக 1990களில் பரவியது. இக்காலத்தில் கணினி ஒரு தனி அறையில் இருந்தது. அப்பாடத்தை எடுத்த மாணவரே அவ்வறைக்குள் சென்றனர். வரலாறு அல்லது உயிரியல் ஆசிரியருக்கு அங்கு வேலை இருக்கவில்லை.

2004 செப்டம்பர் 20-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் கல்விக்கெனவே 'எடுசாட்' செயற்கைக்கோளை ஏவியது. அதே ஆண்டு திசம்பரில், பள்ளிகளில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தைப் பரப்பும் திட்டத்தை நடுவண் அரசு தொடங்கியது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாகத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கும் கணினிகள் சென்றன.

தமிழ் எழுத்துச் சிக்கல்

கணினி பள்ளிக்கு வந்தபோது அதில் தமிழ் எளிதாக வரவில்லை. பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனிக் குறியாக்கங்களைக் கொண்டிருந்தன. ஒரு கணினியில் தட்டெழுதிய வினாத்தாள் மற்றொரு கணினியில் புரியாத குறிகளாகத் தோன்றியது. இதனால் ஆசிரியர்கள் ஆக்கிய பாடக்குறிப்புகளைப் பகிர்ந்துகொள்வது கடினமாயிற்று. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து 'தமிழ் 99' விசைப்பலகை சீர்தரமாக ஏற்கப்பட்டது. 2001 பெப்ரவரி 17-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இது பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைச் சீர்தரக் குறியாக்கமாக ஏற்றது. கருவிகளைப் போல் இம்மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும் ஒரு பள்ளியில் உருவாகும் பாடம் மறுபள்ளியில் திறக்க வேண்டுமாயின் இதுவே அடிப்படையாகும்.

விலையில்லா மடிக்கணினி

2011 செப்டம்பர் 15-இல் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயில்வோருக்கும், அத்தகைய கல்லூரி மாணவருக்கும் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. முதல் ஆண்டில் 9.12 இலட்சம் மாணவருக்கு ரூ. 912 கோடி செலவில் வழங்கத் திட்டமிடப்பட்டது. கொள்முதலைத் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் (எல்காட்) மேற்கொண்டது. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோசு இயங்குதளத்துடன், இந்தியாவில் உருவாக்கப்பட்ட கட்டற்ற இயங்குதளமான பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. 2019-20 வரையிலான காலத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அதன்பின் பள்ளி மாணவருக்கான வழங்கல் நின்றது.

கணினி வாங்க இயலாத குடும்பங்களுக்குள் முதன்முறையாக ஒரு கணினியைக் கொண்டு சேர்த்தது இத்திட்டத்தின் பெரும்பயனாகும். கருவி மாணவரின் உடைமையாக இருந்தது. ஆனால் அன்றைய பாடநூல்கள் இக்கருவியை எண்ணி எழுதப்பட்டவை அல்ல. மடிக்கணினியை எந்தப் பாடவேளையில், எதற்காகத் திறப்பது என்பது மாணவரின் அல்லது தனித்த ஆசிரியரின் முயற்சிக்கு விடப்பட்டது.

குறியீடு கொண்ட பாடநூல்கள்

2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டில் பிற வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் நடைமுறைக்கு வந்தன. இந்நூல்களில் கியூ.ஆர். குறியீடு எனப்படும் விரைவுத் துலங்கல் குறியீடு அச்சிடப்பட்டது. கைப்பேசியால் அதனைப் படிக்கும்போது, 2017 செப்டம்பர் 5-இல் நடுவண் அரசு தொடங்கிய 'தீக்சா' தளத்தில் உள்ள காணொளி அல்லது பயிற்சி திறக்கும். மேலும் 'இணையச் செயல்பாடு' என்னும் பகுதி பல பாடங்களில் சேர்க்கப்பட்டது. ஜியோஜீப்ரா முதலிய கட்டணமற்ற மென்பொருள்களைக் கொண்டு செய்ய வேண்டிய செயல்கள் அதில் படிப்படியாகத் தரப்பட்டுள்ளன.

பாடத்தின் எவ்விடத்தில் கருவி தேவைப்படுகிறது என்பதைப் பாடநூலே சுட்டிக்காட்டியது இம்மாற்றத்தின் சிறப்பாகும். எனினும் மாணவர் கைப்பேசி கொண்டுவருவது பள்ளிகளில் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. எனவே குறியீட்டை வகுப்பில் ஆசிரியரே திறந்து காட்ட வேண்டும். வீட்டிலோ கைப்பேசி ஓய்வாக இருக்கும் நேரத்தில் மட்டுமே திறக்க இயலும்.

இதே காலகட்டத்தில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. இவற்றின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டும்.

கல்வித் தொலைக்காட்சியும் பெருந்தொற்றும்

2019 ஆகத்து 26-இல் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். இதன் படப்பிடிப்புக் கூடம் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அமைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் கோவிட்-19 பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணைய வசதி இல்லாத வீடுகளுக்கும் பாடத்தைக் கொண்டு சென்ற வழிகளுள் இத்தொலைக்காட்சி முதன்மையானது. 2020-இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் விலையில்லா மடிக்கணினிகளில், பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலிருந்து காணொளிப் பாடங்கள் பதிவேற்றித் தரப்பட்டன. இணையத் தொடர்பே இல்லாமல் எண்ணிமப் பாடம் வீடு சென்றதற்கு இது குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு.

9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1-இலும், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-இலும் மீண்டும் திறக்கப்பட்டன. 2020-21 கல்வியாண்டு முழுவதும் கீழ்வகுப்புக் குழந்தைகள் பள்ளி வாயிலை மிதிக்கவில்லை.

2021-க்குப் பின்

பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27-இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. தன்னார்வலர் தம் ஊர்க் குழந்தைகளுக்கு மாலையில் கற்பிப்பதே இதன் முறை. 2022 சூன் 13-இல் தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. இதில் குழந்தையின் கற்றல் நிலையை ஆசிரியர் செயலி வழியாக மதிப்பிட்டு, அந்நிலைக்கேற்பக் கற்பிப்பார். 2023-இல் அசைவூட்டக் காணொளிகளைக் கொண்ட 'மணற்கேணி' செயலி வெளியிடப்பட்டது. 2024 முதல் தொடக்கப் பள்ளிகளில் 22,000-க்கும் மேற்பட்ட திறன்வகுப்பறைகளை அமைக்கும் பணியும், தொடக்க நிலை ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கும் பணியும் நடைபெற்றன. கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

வகுப்பறையில் பயன்படும் முறைகள்

கரும்பலகையாலும் நூலாலும் செய்ய இயலாத ஒன்றைச் செய்யும்போதே எண்ணிமக் கருவியின் தேவை தெளிவாகிறது. பாடநூல் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவது அத்தகைய பயன்பாடு அன்று. தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய பின்வரும் எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கும்.

காலமாற்றத்தைக் காட்டல்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் மண்டபம் வரை 21 தீவுகள் உள்ளதாகக் கணக்கிடப்பட்டு, 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவற்றுள் தூத்துக்குடிக்கு அண்மையில் உள்ள விலாங்குசல்லி, கீழக்கரைக்கு அண்மையில் உள்ள பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவும் வெகுவாகச் சுருங்கியது. பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டதால் அலைத்தடுப்பு குறைந்ததே இதற்கு முதன்மைக் காரணம். 2015 முதல் இத்தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைத்திட்டுகள் இறக்கப்பட்டன.

ஒரு தீவு சுருங்குவதை மாணவர் நேரில் காண இயலாது. அது பல பத்தாண்டுகளில் நிகழ்வது. கூகுள் எர்த் தளத்தின் காலவரிசைப் படங்கள் 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை அடுக்கிக் காட்டுகின்றன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009-இல் வெளியிட்ட 'புவன்' தளத்திலும் இக்கடற்கரையைக் காணலாம். ஒரே இடத்தின் படங்களை ஆண்டுவாரியாக எடுத்து, கட்டத்தாளில் வைத்துப் பரப்பை அளந்து, ஏன் குறைந்தது என வினவும்போது புவியியலும் கணிதமும் சூழலியலும் ஒரே பாடவேளையில் சேர்கின்றன.

காண இயலாததைக் கணித்தல்

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல் ஆகும். முத்துச்சிப்பி படிந்த கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பர். மூச்சை அடக்கி அங்கு இறங்கிய குளியாளியின் உடல் எத்தகைய அழுத்தத்தைத் தாங்கியது என்பது இயற்பியல் வினா. கடல்நீரில் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். எனவே 20 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் நீர்ப்பரப்பில் உள்ளதைப் போல் மூன்று மடங்காகும். பாயிலின் விதிப்படி அவர் நுரையீரலில் அடைத்துச் சென்ற காற்றின் பருமன் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் 'பெட்' பாவனைகளில் நீர்ம அழுத்தத்துக்கு உரியதும் ஒன்று. ஆழத்தையும் நீர்மத்தின் அடர்த்தியையும் மாற்றி, அழுத்தமானியின் அளவை மாணவர் அதில் தாமே காணலாம்.

உண்மைத் தரவைக் கையாளல்

தூத்துக்குடி மாவட்டம் உப்பு உற்பத்தியில் தமிழ்நாட்டில் முதலிடம் வகிக்கிறது. உப்பளத்தில் நீரின் செறிவை 'போமே' பாகையால் அளப்பர். ஏறத்தாழ 3 பாகையில் உள்ள கடல்நீர் பாத்திகளில் படிப்படியாக ஆவியாகி, 25 பாகையை ஒட்டி உப்பு படியத் தொடங்குகிறது. நாள்தோறும் எடுத்த அளவுகளை விரிதாளில் இட்டு வரைபடம் வரைந்தால், மழை பெய்த நாளில் கோடு கீழே சரிவதைக் காணலாம். பெற்றோர் அனுபவத்தால் அறிந்த ஒன்று, மாணவருக்கு வரைபடமாகவும் புரிகிறது.

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், காற்று, மீன்வளம் மிகுந்த பகுதி ஆகியவற்றை முன்னறிவித்து வெளியிடுகிறது. முன்னறிவிப்பையும் மறுநாள் கடலில் இருந்து திரும்பியோர் சொல்லும் நிலையையும் ஒப்பிட்டுப் பதிவு செய்வது சிறந்த அறிவியல் பயிற்சியாகும். அவ்வாறே, பெரிய கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் தானியங்கி அடையாள முறைமையின் தரவு பல இணையத்தளங்களில் நிலப்படமாகக் கிடைக்கிறது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-இல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்ற தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எந்நாட்டிலிருந்து எக்கப்பல் வருகிறது என்பதை அதில் கண்டு வணிகப் புவியியலைக் கற்பிக்கலாம்.

மூல நூல்களை அணுகல்

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005-இல் இலங்கைத் தமிழ் நூல்களுக்கெனத் தொடங்கிய நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம் ஆகியன ஆயிரக்கணக்கான நூல்களைக் கட்டணமின்றி வழங்குகின்றன. கொற்கையைப் பற்றிப் படிக்கும் மாணவர், பாடநூலில் உள்ள சுருக்கத்தோடு நில்லாமல் சங்கப் பாடல்களிலேயே அவ்வூரின் பெயரைத் தேடிப் பார்க்க இயலும்.

ஆய்வு முடிவுகள்

கருவியால் கற்றல் உயர்கிறதா என்னும் வினாவுக்கு உலகெங்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. பெரு நாட்டில் 'குழந்தைக்கொரு மடிக்கணினி' திட்டத்தை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, மடிக்கணினி பெற்ற பள்ளிகளில் கணிதத் தேர்ச்சியோ மொழித் தேர்ச்சியோ உயரவில்லை எனக் கண்டது. பள்ளிக் கணினிகளுக்கு மிகுதியாகச் செலவிட்ட நாடுகளில் மாணவர் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவில் முன்னேறவில்லை எனப் பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி நிறுவனம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது.

மாறான முடிவுகளும் உள்ளன. தில்லியில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், பள்ளி நேரத்துக்குப் பின் 'மைண்டுஸ்பார்க்' மென்பொருளைப் பயன்படுத்திய நடுநிலை வகுப்பு மாணவர், நான்கரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் கண்டனர். அம்மென்பொருள் மாணவர் பயிலும் வகுப்பைக் கருதாமல், அவர் உண்மையில் நிற்கும் நிலையிலிருந்து பாடத்தைத் தொடங்கியது. கணினியோடு ஒரு துணை ஆசிரியரும் குழுவாகக் கற்பித்தார்.

கடலோரத் தமிழ்ச் சிற்றூரான காளிக்குப்பத்தில் சுகதா மித்ராவும் ரிது தங்வாலும் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. தமிழ் பேசும் சிறுவர், ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூற்று உயிரியல் பாடத்தைப் பொதுவிடத்தில் வைத்த கணினியில் தாமாகவே ஓரளவு கற்றனர். ஆனால் அம்முன்னேற்றம் ஓர் எல்லையோடு நின்றது. பாடம் தெரியாவிடினும், அன்போடு கேள்வி கேட்டு ஊக்குவிக்கும் ஒருவர் துணைக்கு வந்தபின்னரே அது மேலும் உயர்ந்தது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 220 சிற்றூர்களில் 19,000 குழந்தைகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வொன்று, பெருந்தொற்றுக் காலத்தில் பெரிய கற்றல் இழப்பு நேர்ந்ததையும், பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும் காட்டியது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் விளைந்தது என ஆய்வாளர் கணித்தனர். ஒன்றரை ஆண்டுகள் திரை வழியாக மட்டும் பாடம் கிடைத்தபோது ஏற்பட்ட குறையை, நேரில் அமர்ந்து கற்பித்த ஆசிரியரும் தன்னார்வலருமே பெருமளவு சரிசெய்தனர் என்பது இதன் பொருள்.

சிக்கல்கள்

கருவி கிடைக்கும் நேரம்

ஒரு வீட்டில் கைப்பேசி இருக்கிறது என்பதால் அது மாணவருக்குக் கிடைக்கிறது எனக் கொள்ள இயலாது. மீன்பிடிக் குடும்பத்தில் அக்கைப்பேசி தந்தையோடு கடலுக்குச் செல்லும். கடலில் இருப்பவர்க்கு அது வானிலை எச்சரிக்கையும் மீன் விலையும் வந்து சேரும் கருவி. பாதுகாப்புக் கருவியும் ஆகும். உப்பள வேலைக்கு விடியுமுன் செல்லும் தாயிடம் கைப்பேசி இருந்தால் பகல் முழுதும் அது வீட்டில் இராது. உடன்பிறந்தோர் இருவர், மூவர் இருந்தால் கிடைக்கும் நேரமும் பங்காகும். அப்பங்கில் பெண் குழந்தைக்குக் குறைவாகக் கிடைக்கும் இடர்ப்பாடும் உண்டு. எனவே வீட்டுக் கைப்பேசியை நம்பி இடப்படும் வீட்டுப்பாடம், அதிக உதவி தேவைப்படும் மாணவரையே முதலில் விலக்கிவிடக்கூடும்.

பராமரிப்பு

கடற்காற்றில் உள்ள உப்பும் ஈரப்பதமும் மின்னணுக் கருவிகளின் உலோக இணைப்புகளை அரிக்கின்றன. இதனால் கடற்கரைப் பள்ளிகளின் கருவிகளுக்கு உள்நாட்டுப் பள்ளிகளைவிட மிகுதியான பராமரிப்புத் தேவை. 2023 திசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய இடங்களில் கணினி அறையை மேல்தளத்தில் அமைப்பதும், பாடக் கோப்புகளுக்கு வேறிடத்தில் படி வைப்பதும் தேவையாகும். கருவியை வாங்குவதற்கு ஒருமுறை பணம் ஒதுக்கினால் போதும். பழுதுநீக்கத்துக்கோ ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும்.

ஆசிரியரின் நேரம்

கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை, வருகைப்பதிவு, நலத்திட்டப் பதிவு, மதிப்பீட்டுச் செயலி எனப் பல பதிவுகளை ஆசிரியர் இணையத்தில் ஏற்ற வேண்டியுள்ளது. இப்பதிவுப் பணி கற்பிக்கும் நேரத்தைக் குறைக்கிறது என்பது ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து முன்வைக்கும் குறையாகும். தொழில்நுட்பம் ஆசிரியரின் சுமையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்பது அதன் பயனை அளக்கும் முக்கியமான அளவுகோலாகும்.

மொழியும் அணுக்கமும்

கட்டணமற்ற தரமான கல்வி வளங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. தமிழ்வழி மாணவருக்கு ஆசிரியரே மொழிபெயர்த்துக் கூற வேண்டியுள்ளது. பார்வைக் குறையுடைய மாணவருக்குத் திரைவாசிப்பு மென்பொருள் உதவும். ஆனால் பாடநூல் படமாக வருடப்பட்ட கோப்பாக இருந்தால் அம்மென்பொருளால் அதனைப் படிக்க இயலாது. ஒருங்குறி எழுத்தாக இருந்தால் மட்டுமே படிக்க இயலும்.

தனியுரிமை

கல்விச் செயலிகள் குழந்தைகளின் பெயர், மதிப்பெண், பயன்பாட்டு விவரம் ஆகியவற்றைச் சேகரிக்கின்றன. இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என வகுத்துள்ளது.

பிற இடங்களில்

அண்டை மாநிலமான கேரளத்தில் 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துவது, ஆசிரியருக்கு ஆசிரியரே பயிற்சியளிப்பது ஆகிய இரண்டும் அதன் அடிப்படைகளாக அமைந்தன. 2017-இல் அது 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக்கப்பட்டது. இலங்கையில் கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பாடங்களை வழங்குகிறது. யுனெசுக்கோ 2023-இல் வெளியிட்ட உலகளாவிய கல்விக் கண்காணிப்பு அறிக்கை, தொழில்நுட்பம் நேருக்குநேர் கற்பித்தலுக்குத் துணையாகவே இருக்க வேண்டும். அதற்கு மாற்றாகக் கூடாது என வலியுறுத்தியது.

கருவியைத் தெரிந்தெடுத்தல்

ஒரு பாடத்துக்கு எண்ணிமக் கருவி தேவையா என்பதை முடிவு செய்யப் பின்வரும் வினாக்கள் உதவும்.

- இப்பாடத்தில் கரும்பலகையாலோ நேரடிச் செய்முறையாலோ காட்ட இயலாத எதனை இக்கருவி காட்டுகிறது?
- மாணவர் பார்ப்பதோடு நிற்கிறாரா, அல்லது அளத்தல், மாற்றுதல், ஒப்பிடுதல், எழுதுதல் ஆகியவற்றில் ஒன்றையேனும் செய்கிறாரா?
- இணைப்பு அறுந்தால் பாடம் தொடருமா? கோப்பை முன்னரே பதிவிறக்கி வைக்க இயலுமா?
- வீட்டில் கருவி இல்லாத மாணவர் இப்பாடத்தை எங்கே, எப்போது செய்வார்?
- வளம் தமிழில் உள்ளதா? இல்லையெனில் யார் விளக்குவார்?

இவ்வினாக்களுள் நான்காவதற்கு விடை இல்லாத பாடத்தை வீட்டுப்பாடமாகத் தராமல், பள்ளி நேரத்திலேயே ஆய்வகத்தில் செய்விப்பது முறையாகும். மாலையில் ஆய்வகத்தை ஒரு மணி நேரம் திறந்து வைப்பதும் ஒரு தீர்வாகும். வான் தீவின் செயற்கைக்கோள் படம், கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அது இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒருங்கே தெரியக்கூடிய இடம் பள்ளியே ஆகும்.